கல்லூரி மாணவரிடையே மிகுகுடியும் நட்பாதரவும்: அமெரிக்க ஆய்வுகள் வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

நண்பர்களின் ஆதரவு மிக்க மாணவர் குறைவாகவே குடிப்பர் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. அமெரிக்கக் கல்லூரிகளில் நிகழ்ந்த ஆய்வுகள் இதனை முழுமையாக உறுதிப்படுத்தவில்லை. நட்பின் நெருக்கம் சில சூழல்களில் குடியைக் குறைக்கிறது. சில சூழல்களில் கூட்டுகிறது. ஆதரவின் அளவைக் காட்டிலும் அவ்வாதரவு எதற்குத் துணைநிற்கிறது என்பதே இவ்வேறுபாட்டை விளக்குகிறது என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மிகுகுடி, நட்பாதரவு, சகமாணவர் தாக்கம், குழுநெறி, மீட்புச் சமூகம்.

முன்னுரை

அமெரிக்காவில் மது வாங்குவதற்குரிய குறைந்தபட்ச வயதை 21 ஆக்குமாறு மாநிலங்களை நெருக்கும் கூட்டரசுச் சட்டம் 1984இல் இயற்றப்பட்டது. இளங்கலை மாணவருள் பலர் அவ்வயதை எட்டாதவர்கள். ஆயினும், ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்த ஹென்றி வெக்ஸ்லர் தலைமையில் 1993இல் 140 கல்லூரிகளில் நடைபெற்ற ஆய்வில், 44 விழுக்காட்டு மாணவர் மிகுகுடியர் எனக் கண்டறியப்பட்டது. முந்தைய இரு வாரங்களில் ஒருமுறையேனும், ஆடவராயின் தொடர்ந்து 5 அலகும் மகளிராயின் 4 அலகும் அதற்கு மேலும் அருந்துவதே அங்கு மிகுகுடி எனக் கொள்ளப்பட்டது. அமெரிக்க அளவீட்டில் ஓர் அலகு என்பது ஏறத்தாழ 14 கிராம் தூய மதுசாரம். 355 மில்லிலிட்டர் பீரில் இருப்பது அவ்வளவே.

இக்குடி பெரும்பாலும் நண்பர் கூட்டத்தில் நிகழ்வது. எனவே நட்பு இதில் காப்பா, காரணமா என்னும் வினா எழுகிறது.

நட்பாதரவின் இரு முகங்கள்

சமூக ஆதரவை ஜேம்ஸ் ஹவுஸ் 1981இல் உணர்வு, செயல், தகவல், மதிப்பீடு என நால்வகைப்படுத்தினார். ஷெல்டன் கோஹன், தாமஸ் வில்ஸ் ஆகியோர் 1985இல் ஆதரவு மன அழுத்தத்தின் தீய விளைவுகளைத் தணிக்கும் தடுப்பாகச் செயற்படுகிறது என்னும் கருதுகோளை விரிவாக ஆராய்ந்தனர். இதன்படி, ஆதரவு மிக்க மாணவருக்கு அழுத்தத்தைத் தணிக்கக் குடி தேவைப்படாது.

எனினும், கல்லூரிக் குடி அழுத்தத்தால் மட்டும் நிகழ்வதன்று; தோழமையை நாடியும் நிகழ்கிறது. பிரையன் போர்சாரியும் கேட் கேரியும் 2006இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்புரை இதனைத் தெளிவாக்குகிறது. நல்ல நட்பு அமையாமையும் முறிதலும் குடியைக் கூட்டலாம். நெருங்கிய நட்பிலும் குடியே உறவாடலின் மையமாயின் அதே விளைவு நேரலாம். நண்பர் குடியாதவராகவோ அதனை ஏற்காதவராகவோ இருப்பின் அந்நெருக்கமே காப்பாகிறது.

தேர்வும் தாக்கமும்

குடிப்பவர் குடிப்பவரையே நண்பராகத் தேர்கின்றனர் என்னும் மறுப்பு இங்கு எழலாம். இதனைப் பிரித்தறிய மைக்கேல் கிரெமரும் டான் லெவியும் விடுதி அறைத்தோழர் குலுக்கல் முறையில் ஒதுக்கப்பட்ட ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தனர். 2008இல் வெளியான அவ்வாய்வின்படி, கல்லூரிக்கு முந்தைய ஆண்டில் குடித்திருந்த அறைத்தோழரைப் பெற்ற ஆடவரின் சராசரி மதிப்பெண் புள்ளி, குடியாத அறைத்தோழரைப் பெற்றவருடையதைவிட ஏறத்தாழக் கால் புள்ளி குறைந்திருந்தது. தேர்வின் பங்கை நீக்கிய பின்னரும் தாக்கம் எஞ்சுகிறது.

அத்தாக்கம் வெளிப்படையான வற்புறுத்தலாக இருக்க வேண்டியதில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக மாணவரிடம் டெபோரா பிரென்டிஸும் டேல் மில்லரும் ஆய்ந்து 1993இல் வெளியிட்ட முடிவு குறிப்பிடத்தக்கது. வளாகக் குடிப்பழக்கத்தைத் தம்மைவிடப் பிறர் இயல்பாக ஏற்கின்றனர் என்றே மாணவர் கருதினர். பலரும் தத்தம் தயக்கத்தை மறைத்தமையால், எவரும் முழுமனத்துடன் ஏற்காத ஒன்று குழுநெறியாகத் தோன்றியது. பருவ இறுதிக்குள் ஆடவர் தம் மனப்பான்மையையும் அக்கற்பித நெறிக்கேற்ப மாற்றிக்கொண்டனர். ஒரு நண்பர் தம் தயக்கத்தை வாய்விட்டுச் சொல்வதும் ஆதரவே என்பது இதனால் புலனாகும்.

ஆதரவு தவறும் இடம்

மயங்கிய நண்பரை அறைக்குக் கொண்டுசென்று படுக்கவைத்தல், மறுநாள் வகுப்புக் குறிப்புகளைத் தருதல், விடுதிக் காப்பாளரிடம் மறைத்தல் ஆகியன அன்பினால் செய்யப்படுவன. ஆனால் இவை குடியின் விளைவுகளைக் குடித்தவர் உணராவண்ணம் மறைக்கின்றன.

முதலாவது உயிருக்கே ஊறாகலாம். குடிப்பதை நிறுத்திய பின்னரும் இரைப்பையிலும் குடலிலும் எஞ்சிய மது குருதியில் கலப்பதால் அதன் செறிவு சிறிதுநேரம் உயர்ந்துகொண்டிருக்கும். மூச்சு தளரும், தொண்டையின் காப்பு அனிச்சைச் செயல் மங்கி, வாந்தி மூச்சுக்குழலை அடைக்கலாம். குளிர்நீரும் காப்பியும் இதனை மாற்றா. எழுப்பியும் எழாதவரைத் தனியே விடாது, ஒருக்களித்துக் கிடத்தி, மருத்துவ உதவியை அழைப்பதே உரிய செயல்.

தண்டனை அச்சம் அவ்வழைப்பைத் தடுப்பதுண்டு. கார்னெல் பல்கலைக்கழகம் 2002இல், மருத்துவ உதவி நாடும் மாணவருக்கு வளாக ஒழுங்கு நடவடிக்கையிலிருந்து விலக்களிக்கும் நடைமுறையைக் கொணர்ந்தது. அதன்பின் உதவி அழைப்புகள் கூடின. நண்பருக்கு உதவும் மனம் முன்பும் இருந்தது. விதிமுறை மாற்றம் அதற்கு வழிவிட்டது.

மீட்புச் சமூகங்கள்

நட்பாதரவைத் திட்டமிட்டு நல்வழிப்படுத்தும் முயற்சிகளும் உள்ளன. டெக்சாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1986இல் மீட்புச் சமூகத் திட்டத்தைத் தொடங்கியது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1988இல் வளாகத்திலேயே மீட்பு விடுதியை அமைத்தது. குடியைக் கைவிட்ட மாணவர் நண்பரின்றித் தனித்துவிடாமல், மதுவற்ற கூட்டுறவைப் பெறுவதே இவற்றின் அடிப்படை. குடியை விடுவோர் இழக்க அஞ்சுவது மதுவை மட்டுமன்று, அதனைச் சூழ்ந்த தோழமையையும்தான் என்பதை இத்திட்டங்கள் உணர்ந்துள்ளன.

முடிவுரை

நட்பாதரவு தன்னளவில் காப்புமன்று, கேடுமன்று. நண்பர் குழுவின் பழக்கமே அதன் திசையை வகுக்கிறது. ஆதலின், "உனக்கு எத்தனை நண்பர்?" என்று மட்டும் கேட்கும் ஆய்வுக்கருவி போதாது. "நீ குடியாத நாளில் உன்னுடன் இருப்பவர் யார்? எழாது கிடப்பாயாயின் மருத்துவ உதவியை அழைப்பவர் யார்?" என்பனவும் வினவப்பட வேண்டும். மாணவர் ஆலோசனை மையங்கள் நண்பரிடமிருந்து மாணவரைப் பிரிக்க முயல்வதைவிட, இடித்துரைக்கவும் உடனிருக்கவும் அந்நண்பரைப் பயிற்றுவிப்பதே பயன்தரும்.