முதுகில் எடுக்கும் நீர் சொல்லும் சேதி

"முதுகுத் தண்ணி எடுத்தால் பிள்ளைக்குக் கால் விளங்காமற் போகும்." மூதூர், கிண்ணியா, தம்பலகாமம் பக்கம் மாதர் சங்கக் கூட்டங்களுக்குப் போகும்போது தாய்மார் என்னிடம் சொல்லும் பயம் இது. இந்தப் பயத்தினால் ஒப்பமிட மறுத்து, பிள்ளையைத் துண்டு வெட்டிக் கூட்டிவந்தவர்களும் உண்டு.

என் தங்கைக்கும் அந்த நிலை வந்தது. கணவர் 2006ஆம் ஆண்டு இடப்பெயர்வில் காணாமற் போனவர். 2011இல் மகனுக்குக் காய்ச்சல், சத்தி, பிறகு வலிப்பு. மூதூரிலிருந்து லோஞ்சில் திருகோணமலைக்குக் கொண்டுவந்தோம். ஒப்பமிடும் கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, அவர் இல்லாமல் நான் எப்படித் தனிய முடிவெடுக்கிறது?" என்று கேட்டாள். தாயின் ஒப்பமே போதும் என்றார் தாதி. அன்று வைத்தியரிடம் கேட்டதையும் பின்னர் அறிந்ததையும் இங்கு எழுதுகிறேன்.

ஊசி முண்ணாணில் படுமா?

மூளையையும் முண்ணாணையும் சுற்றித் தெளிந்த நீர் இருக்கிறது. வளர்ந்தவரிடம் அது சுமார் 150 மில்லிலீற்றர். நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலீற்றர் புதிதாகச் சுரக்கும். சோதனைக்கு எடுப்பது சில மில்லிலீற்றர் மட்டுமே. முண்ணாண் முடியும் இடத்துக்குக் கீழே, இடுப்புப் பகுதியிலேதான் ஊசி போடுவார்கள். பின்னர் சிலருக்குச் சில நாள் தலையிடி இருக்கும். மூளையில் அமுக்கம் கூடியிருப்பதாகச் சந்தேகித்தால் வைத்தியர் சோதனையைப் பிற்போடுவார். கால் விளங்காமற் போவது பெரும்பாலும் நோயினால், ஊசியினால் அல்ல.

நொதியங்கள் காட்டும் அடையாளம்

நோய் தாக்கும்போது கலங்களிலுள்ள நொதியங்கள் இந்த நீரில் கலக்கின்றன. அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதியம் காசநோய் மூளைக்காய்ச்சலில் மிகவும் கூடும். வைரஸ் நோயில் பொதுவாகக் குறைவு. லக்டேட் டிஹைட்ரோஜினேஸ் பக்டீரியா நோயில் அதிகம் உயரும். ஒரு நொதியத்தை மட்டும் பார்த்து முடிவு சொல்வதில்லை. கலங்கள், சீனி, புரதம் எல்லாவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? காசநோய்க்குப் பல மாத மருந்து. பக்டீரியாவுக்கு உடனடி நுண்ணுயிர்க்கொல்லி. ஹேர்ப்பிஸ் வைரசுக்கு அசைக்ளோவிர். பிந்தினால் உயிரே போகலாம்.

எங்கள் பிள்ளைக்கு வைரஸ் என்று தெரிந்தது. வலது கை இன்றும் பெலன் குறைவு. ஆனாலும் உயர்தரம் படித்து முடித்துவிட்டான்.

வயலும் நுளம்பும்

1985–86இல் வட மத்திய மாகாணத்தில் யப்பான் மூளைக்காய்ச்சல் பெரிதாகப் பரவியது. வயல்நீரில் பெருகும் நுளம்பு, பன்றி, கொக்கு ஆகியவற்றிடமிருந்து இந்த வைரசை மனிதருக்குக் கொண்டுவருகிறது. கடும் நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 30 பேர் வரை இறக்கலாம். முதுகு நீரில் இதன் அடையாளத்தைத் தேடும் எலைசா சோதனையிலும் ஒரு நொதியமே நிறம் மாற்றிக் காட்டுகிறது. கொழும்பு பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் இச்சோதனை செய்யப்படுகிறது. இந்நோய்க்கென்று தனி மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. பிள்ளைக்கு 12 மாதத்தில் கிளினிக்கில் இலவசமாகப் போடுவார்கள்.

சகோதரிகளே, காய்ச்சலுடன் வலிப்பு, கழுத்து விறைப்பு, ஓயாத சத்தி, மயக்கம், பிதற்றல் கண்டால் விடியும்வரை காத்திராதீர்கள். பரிகாரம் தேடி அலையாமல் வைத்தியசாலைக்குப் போங்கள். பயமிருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள். விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. கேட்டறிந்தபின் துணிந்து ஒப்பமிடுங்கள்.