பாய்லருக்குத் தீ போட்டவர் பல்கலைக்கழகத் தலைவர் ஆனார்!

கொருக்குப்பேட்டையில் ரெயில் தடங்கள் பிரிகின்றன. வடக்கே இருந்து வரும் ரெயில் ஒரு தடத்தில் சென்ட்ரலுக்குப் போகலாம். இன்னொரு தடத்தில் வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரைக்குப் போகலாம்.

எந்த வண்டி எந்தத் தடத்தில் போக வேண்டும்? தொழில் தெரிந்த ரெயில்வே ஊழியர்கள் அதைப் பார்த்துக்கொள்கிறார்கள். செல்வாக்குள்ள ஒருவர் வந்து, "என் இஷ்டப்படி தடத்தை மாற்று" என்று உத்தரவு போட்டால் என்ன ஆகும்? வண்டி கவிழும். உள்ளே இருக்கும் ஜனங்கள்தான் அடிபடுவார்கள்.

பல்கலைக்கழகமும் அப்படித்தான்.

கொருக்குப்பேட்டைப் பிள்ளைகள் பலர் பழைய வண்ணாரப்பேட்டையில் உள்ள தியாகராயர் கல்லூரிக்குப் போகிறார்கள். 1950-ம் ஆண்டு தொடங்கிய கல்லூரி அது. படித்து முடித்ததும் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கிறது. பட்டத்தில் துணைவேந்தர் கையெழுத்து இருக்கும். தாயார் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்.

அந்தக் கையெழுத்தைப் போடுகிறவரைத் தேர்ந்தெடுப்பது யார்? அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்?

இந்தக் கேள்விக்குத் தவறான விடை கிடைத்ததால், ஒரு நாடு நாற்பது வருஷம் துன்பப்பட்டது. அந்தக் கதையில் நம் தமிழுக்கும் ஒரு பங்கு உண்டு.

பிராக் நகரத்துப் பிள்ளை

ஐரோப்பாவின் நடுவில் இருக்கிறது பிராக் நகரம். அங்கே உள்ள சார்லஸ் பல்கலைக்கழகம் 1348-ம் ஆண்டு தோன்றியது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ம் ஆண்டு ஏற்பட்டது. ஆகவே அது நம்முடையதைவிட ஐந்நூறு வருஷம் மூத்தது.

அந்த நகரத்தில் 1927-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெயர் கமில் சுவலபில்.

பையனுக்குப் பன்னிரண்டு வயது நிறைந்த அன்று, அதாவது 1939-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி, ஊரே நடுங்கியது. ஹிட்லரின் படைகள் அப்போது அந்த நாட்டைப் பிடித்திருந்தன. மாணவர் தலைவர்கள் ஒன்பது பேரை அன்று சுட்டுக் கொன்றார்கள். சுமார் 1,200 மாணவர்களைச் சிறை முகாமுக்குக் கொண்டு போனார்கள். செக் மக்களின் பல்கலைக்கழகங்கள் எல்லாம் மூடப்பட்டன.

அந்த மாணவர்களின் நினைவாகத்தான் நவம்பர் 17-ந் தேதி சர்வதேச மாணவர் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

தமிழ் படித்த செக்காரர்

யுத்தம் முடிந்தது. பல்கலைக்கழகம் மறுபடியும் திறந்தது. சுவலபில் அங்கே சேர்ந்து சமஸ்கிருதம் படித்தார். பிறகு தமிழில் இறங்கினார். தென்னிந்தியாவுக்கு வந்து ஆராய்ச்சி செய்தார். தமிழ் இலக்கியங்களைச் செக் மொழியில் ஆக்கினார். நீலகிரி மலையில் வாழும் இருளர்களின் மொழியையும் ஆராய்ந்தார்.

1964-ம் ஆண்டு ஜனவரியில் டெல்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் ஏற்பட்டது. தனிநாயகம் அடிகள் அதற்குப் பெருமுயற்சி செய்தார். அவருக்குத் துணை நின்ற அறிஞர்களில் சுவலபிலும் ஒருவர்.

1968-ம் ஆண்டு ஜனவரியில் சென்னையில் இரண்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்தது. அண்ணா அப்போது முதல்-அமைச்சர். நகரமே விழாக்கோலம் பூண்டது. பல நாட்டு அறிஞர்கள் வந்து தமிழைப் பற்றிப் பேசினார்கள்.

அதே ஜனவரி 5-ந் தேதி பிராக் நகரத்திலும் ஒரு மாறுதல் ஏற்பட்டது. டூப்செக் என்பவர் அங்கே கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைமைக்கு வந்தார். அவரும் கம்யூனிஸ்டுதான். ஆனால், "ஜனங்கள் பயமில்லாமல் பேசட்டும், எழுதட்டும்" என்று கட்டுகளைத் தளர்த்தினார். பல்கலைக்கழகங்களில் உற்சாகம் பிறந்தது.

டாங்கிகள் வந்தன!

உற்சாகம் எட்டு மாதம்கூட நீடிக்கவில்லை. ஆகஸ்டு 20-ந் தேதி நள்ளிரவு. ருஷ்யாவும் அதன் நேச நாடுகளும் படைகளை அனுப்பின. விடிந்தபோது பிராக் வீதிகளில் டாங்கிகள் நின்றன.

சுவலபில் குடும்பத்தோடு நாட்டை விட்டு வெளியேறினார். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகம் அவருக்கு இடம் கொடுத்தது. பிறகு ஹாலந்து நாட்டுக்குப் போனார். அங்கே உத்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். தமிழ் இலக்கியத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய "முருகனின் புன்னகை" என்ற புத்தகம் 1973-ம் ஆண்டு வெளிவந்தது. உலகம் முழுவதும் அதைப் படித்தார்கள்.

தமிழுக்கு நஷ்டம் இல்லை. சார்லஸ் பல்கலைக்கழகத்துக்குத்தான் நஷ்டம். தன் மண்ணில் வளர்ந்த அறிஞரை அது பறிகொடுத்தது.

தகப்பனால் பிள்ளைக்குத் தண்டனை

கம்யூனிஸ்டு நாடுகளில் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டியது இல்லை. அது உண்மை. ஏழை நாட்டு மாணவர்களுக்கும் அவர்கள் உதவினார்கள். 1960-ம் ஆண்டு மாஸ்கோவில் இதற்கென்றே ஒரு பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். இந்திய மாணவர்களும் அங்கே போய்ப் படித்தார்கள். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள் இங்கே மலிவு விலைக்குக் கிடைத்தன. அவற்றைப் படித்து அறிவை வளர்த்துக்கொண்ட தொழிலாளர்கள் உண்டு.

ஆனால் நிர்வாகம் யார் கையில் இருந்தது? கட்சியின் கையில். பேராசிரியர் யார் என்பதைக் கட்சி பார்த்தது. எந்தப் பாடம் என்பதையும் கட்சி பார்த்தது. எந்தப் பிள்ளைக்கு இடம் என்பதில்கூடக் கட்சி தலையிட்டது.

தகப்பனார் ஆட்சியை எதிர்த்துப் பேசினாரா? பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் கல்லூரிக் கதவு திறக்காது. பெற்ற மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

பயர்மேன் ஆன பேராசிரியர்

ராதிம் பலோஷ் என்று ஒரு தத்துவ அறிஞர். சார்லஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். 1977-ம் ஆண்டு, மனித உரிமை கேட்டு ஒரு சாசனம் வெளியாயிற்று. அதில் பலோஷும் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு பல்கலைக்கழகத்தில் அவருக்கு இடம் இல்லை. வயிற்றைக் கழுவ வேண்டுமே! பாய்லருக்குத் தீ போடும் வேலைக்குப் போனார். நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் கொருக்குப்பேட்டைப் பக்கம் பயர்மேன்கள் பார்த்த வேலையைப் போன்றதுதான் அது. கௌரவமான உழைப்புதான். ஆனால் அவரிடம் பாடம் கேட்க வேண்டிய மாணவர்கள் அதை இழந்தார்கள்.

1989-ம் ஆண்டு வந்தது. மறுபடியும் அதே நவம்பர் 17-ந் தேதி! ஐம்பது வருஷத்துக்கு முன்பு இறந்த மாணவர்களுக்கு அஞ்சலி செலுத்த, பிராக் மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். போலீசார் அவர்களை அடித்தார்கள். நாடு கொதித்து எழுந்தது. மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நாடக நடிகர்களும் தொழிலாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். சில வாரங்களில் கட்சி ஆட்சி முடிந்தது.

அடுத்த ஆண்டு பலோஷ் சார்லஸ் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஆனார். அங்கே அந்தப் பதவிக்கு ரெக்டர் என்று பெயர். நம் ஊரில் துணைவேந்தர் மாதிரி. பாய்லருக்குத் தீ போட்ட கை, பட்டச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டது!

மாணவர்களுக்கும் ஓட்டு

ஆட்சி மாறினால் மட்டும் போதுமா? நாளைக்கு வருகிறவரும் அதே தவறைச் செய்தால்?

அதற்காக 1990-ம் ஆண்டு மே மாதம் புதிய சட்டம் போட்டார்கள். பல்கலைக்கழகத்தைப் பல்கலைக்கழகமே நிர்வகிக்கும் என்றது சட்டம். ஆசிரியர்களும் மாணவர்களும் ஓட்டுப் போட்டு ஒரு பேரவையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 1998-ம் ஆண்டுச் சட்டப்படி, பேரவையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாணவர்கள் இருக்க வேண்டும்; பாதிக்கு மேல் போகக் கூடாது. ரெக்டர் யார் என்பதைப் பேரவை முடிவு செய்கிறது. ஜனாதிபதி நியமன உத்தரவு கொடுக்கிறார்.

வெளியூர் போய்ப் பார்த்தார்கள்

நாற்பது வருஷம் மேலிடத்து உத்தரவுப்படி நடந்தவர்களுக்குத் திடீரென்று சுதந்திரம் வந்தது. ஆனால் நிர்வாகப் பழக்கம் இல்லை. கூட்டுக்குள் வளர்ந்த கிளியைத் திறந்து விட்டால் உடனே பறந்துவிடுமா?

1990-ம் ஆண்டு ஐரோப்பிய நாடுகள் "டெம்பஸ்" என்ற திட்டத்தைத் தொடங்கின. கம்யூனிஸ்டு ஆட்சி போன நாடுகளின் பல்கலைக்கழகங்களும் மேற்கு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களும் கை கோத்தன. மாணவர்கள், பேராசிரியர்கள் மட்டும் போய் வரவில்லை. பாடத் திட்டத்தை எப்படி மாற்றுவது, பல்கலைக்கழகத்தை எப்படி நிர்வகிப்பது என்பதும் திட்டத்தில் சேர்ந்தது.

அடுத்த வீட்டில் குழம்பு நன்றாக இருந்தால் கைப்பக்குவம் கேட்பதில் வெட்கம் என்ன? ஆனால் உப்பை நம் நாக்குக்குத் தகுந்தபடிதான் போட வேண்டும்.

பிராக் நகரில் பூத்த தாழை

சுவலபில் போன பிறகு அங்கே தமிழ் அழிந்துவிட்டதா? இல்லை. யாரோஸ்லாவ் வாசெக் என்ற பேராசிரியர் அதைக் காப்பாற்றினார். நம் அறிஞர் ச. வே. சுப்பிரமணியனும் அவரும் சேர்ந்து எழுதிய சங்க இலக்கியப் பாடநூலைச் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் வெளியிட்டது.

பிறகு சார்லஸ் பல்கலைக்கழகத்தில் இருந்து ஓர் ஆராய்ச்சி வெளியீடு வந்தது. இந்திய இலக்கியங்களில் இயற்கை எப்படி வருகிறது என்று ஆராயும் வெளியீடு. அதன் பெயர் "பாண்டனஸ்". அப்படி என்றால் தாழை! சங்கப் புலவர்கள் கடற்கரையைப் பாடும்போது தாழையை மறப்பதில்லை. நம் நெய்தல் நிலத்துச் செடி, பனி கொட்டும் ஊரில் ஒரு நூலுக்குப் பெயர் ஆயிற்று. வாசெக் 2017-ம் ஆண்டு காலமானார். சுவலபில் 2009-ம் ஆண்டு பிரான்சு நாட்டில் காலமானார்.

பாடம் எல்லாருக்கும்

எல்லா நாட்டிலும் கதை நல்லபடி முடியவில்லை. கம்யூனிஸ்டு ஆட்சி மறைந்ததும் 1991-ம் ஆண்டு மத்திய ஐரோப்பியப் பல்கலைக்கழகம் தோன்றியது. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் அது வளர்ந்தது. 2017-ம் ஆண்டு ஹங்கேரி சர்க்கார் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அங்கே பழையபடி நடத்த முடியாமல், 2019-ம் ஆண்டு அந்தப் பல்கலைக்கழகம் வியன்னாவுக்குப் போயிற்று. கட்சியின் பெயர் மாறினாலும், கடிவாளத்தைப் பிடிக்க ஆசைப்படும் கை மாறுவதில்லை.

சென்னையிலும் இந்தக் கேள்வி வந்தது. துணைவேந்தர்களை நியமிக்கும் அதிகாரம் கவர்னருக்கா, மாநில அரசுக்கா? 2022-ம் ஆண்டு ஏப்ரலில் சட்டசபை மசோதா நிறைவேற்றியது. விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2023-ம் ஆண்டு ஆகஸ்டில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பதவிக் காலம் முடிந்தது. அதன் பிறகு நெடுநாள் நாற்காலி காலியாகவே இருந்தது.

யார் பக்கம் நியாயம் என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். பிராக் நகரத்துக் கதையோ இன்னொரு கேள்வியையும் கேட்கச் சொல்கிறது. கவர்னர், மந்திரி என்று இருவரைப் பற்றியே பேசுகிறோமே, பாடம் சொல்லும் ஆசிரியருக்கும் படிக்கும் பிள்ளைக்கும் அதில் என்ன பங்கு?

கொருக்குப்பேட்டைத் தாயார் சுவரில் மாட்டுவது வெறும் காகிதம் அல்ல. குடும்பம் வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்த சொத்து. அதில் கையெழுத்துப் போடுகிறவர் படிப்புக்கு மட்டும் கட்டுப்பட்டவராக இருக்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சொத்துக்கு மதிப்பு!