பொம்மைகள் கூறிய உண்மை

உங்கள் எதிரே நான்கு பொம்மைகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நான்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இரண்டிற்கு வெள்ளை நிறம், மஞ்சள் முடி. மற்ற இரண்டிற்குப் பழுப்பு நிறம், கறுப்பு முடி. இவற்றுள் நல்ல பொம்மை எது என்று கேட்டால், "எல்லாம் ஒன்றுதானே!" என்பீர்கள். ஆனால் குழந்தைகள் அப்படிக் கூறவில்லை.

அமெரிக்காவில் வாழ்ந்த கென்னத் கிளார்க்கும் அவர் மனைவி மேமி கிளார்க்கும் கறுப்பினத்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர்கள். 1940-ஆம் ஆண்டையொட்டி, 3 முதல் 7 வயது வரையுள்ள கறுப்பினக் குழந்தைகள் 253 பேரிடம் இப்பொம்மைகளைக் காட்டிச் சில கேள்விகள் கேட்டனர். நூற்றுக்கு 67 பேர் விளையாடுவதற்கு வெள்ளைப் பொம்மையையே விரும்பினர். "பார்க்க நன்றாயில்லாத பொம்மை எது?" என்றபோது 59 பேர் பழுப்புப் பொம்மையைக் கொடுத்தனர். இறுதியில், "உன்னைப் போல் இருக்கும் பொம்மை எது?" என்ற கேள்வி வந்தது. சற்றுமுன் தாம் ஒதுக்கிய பொம்மையையே கையில் எடுக்கவேண்டிய நிலை! சில குழந்தைகள் அழுதுகொண்டே அறையைவிட்டு ஓடிவிட்டனர்.

மூன்று வயதுக் குழந்தைக்கு இப்பாடத்தைக் கற்பித்தது எது? தோலா, சூழலா?

தோலில் உள்ள வேற்றுமை

நம் தோலில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் உயிரணுக்கள் உள்ளன. கறுத்தவருக்கும் வெளுத்தவருக்கும் இவ்வணுக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றே. அவை உண்டாக்கும் நிறமியின் அளவும் வகையும், நிறமித் துணுக்குகளின் பருமனும், அவை பரவியிருக்கும் முறையுமே வேறுபடுகின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர்களிலிருந்து உடலைக் காக்கும் குடை போன்றது மெலனின். குடை பெரிதா சிறிதா என்பதே வேற்றுமை. இதில் உயர்வு தாழ்வு ஏது?

நிறத்தில் ஒரு படிக்கட்டு

உயர்வு தாழ்வு வரலாற்றிலிருந்து வந்தது. அடிமை முறை நிலவிய காலத்தில், பண்ணை முதலாளிகளுக்கு அடிமைப் பெண்களிடம் பிறந்த, சற்றே வெளுத்த பிள்ளைகளுக்குப் பல இடங்களில் வயல் வேலைக்குப் பதிலாக வீட்டு வேலை கிடைத்தது. 1865-இல் அடிமை முறை ஒழிந்தது. நிறப் படிக்கட்டோ ஒழியவில்லை. ஓர் இனத்தாருக்குள்ளேயே வெளுத்தவரை ஏற்றியும் கறுத்தவரைத் தாழ்த்தியும் நடத்தும் இவ்வழக்கத்திற்கு எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் 1980-களின் தொடக்கத்தில் தனிப் பெயர் இட்டார். நாம் அதை 'நிறப் பாகுபாடு' எனலாம். தோலுக்கு மட்டுமன்று, சுருள் முடிக்கும் இதே கதிதான். நேரான முடியே 'ஒழுங்கானது' என்று கருதப்பட்டது.

மனத்தில் நேர்வது என்ன?

கறுப்பின மக்களிடம் 1979-80-இல் நடந்த நாடு தழுவிய கணக்கெடுப்பின் விவரங்களை ஆராய்ந்து, 2001-இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. தோலின் நிறம் பெண்களின் தன்மதிப்பைப் பாதித்தது; ஆண்களின் தன்மதிப்பை அவ்வாறு பாதிக்கவில்லை. பெண்ணை அழகு கொண்டே எடைபோடும் வழக்கம் இதற்கு ஒரு காரணம் எனலாம். வருமானம் குறைந்த பெண்களிடமே இப்பாதிப்பு மிகுந்திருந்தது. வருமானம் மிக்கவர்களிடம் காணப்படவில்லை. இதைக் கவனியுங்கள். இத்துன்பம் தோலிலிருந்து பிறப்பதானால், ஒரே நிறமுடைய எல்லாரையும் ஒன்றுபோல் பாதித்திருக்க வேண்டும் அல்லவா?

'இங்கே என்னை எப்படிப் பார்ப்பார்களோ' என்று ஒருத்தி நாள்தோறும் எச்சரிக்கையாக இருக்க நேர்ந்தால், உடலும் அதற்கேற்பக் கார்ட்டிசால் போன்ற சுரப்பு நீர்களை வெளிவிடுகிறது. ஆபத்து வேளையில் இவை உதவுபவை. ஆனால் இந்நிலை ஓயாது நீடித்தால் உறக்கம் கெடுகிறது. பதற்றமும் மனச்சோர்வும் தோன்ற இடம் உண்டாகிறது.

பூச்சினால் வரும் கேடு

மனப்புண்ணுக்குத் தோலில் மருந்து தேடுவோரும் உண்டு. தோலை வெளுக்கவைக்கும் சில பூச்சுகளில் பாதரசம் கலந்துள்ளது. அது சிறுநீரகத்தைக் கெடுப்பதுடன் பதற்றத்தையும் மனச்சோர்வையும் கூட உண்டாக்கவல்லது. நோய் தீர்க்க வாங்கியதே நோயைத் தருகிறது! முடியை நேராக்கும் இரசாயனப் பொருள்களும் ஐயத்திற்கு உரியவை. சுமார் 33,500 அமெரிக்கப் பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2022-இல் வெளியான ஆய்வில், இவற்றை அடிக்கடி பயன்படுத்தியோருக்குக் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. இவற்றை மிகுதியாகப் பயன்படுத்துவோர் கறுப்பினப் பெண்களே.

மாற்று வழி

சூழல் கற்பித்ததைச் சூழலே மாற்றவும் முடியும். கிளார்க் தம்பதியர் 1946-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் குழந்தைகளுக்கான மனநல நிலையம் ஒன்றைத் தொடங்கினர். பள்ளிகளில் இனவாரியாக மாணவரைப் பிரிப்பது செல்லாது என 1954-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, கென்னத் கிளார்க்கின் ஆய்வுரையும் மேற்கோள் காட்டப்பட்டது. சுருள் முடியையும் பின்னலையும் காரணம் காட்டிப் பள்ளியிலோ பணியிடத்திலோ ஒருவரை ஒதுக்கக்கூடாதெனக் கலிபோர்னியா 2019-இல் சட்டம் இயற்றியது. வேறு பல மாநிலங்களும் பின்பற்றின.

சட்டத்தால் மட்டும் ஆவதன்று. குழந்தை முதலில் கேட்பது வீட்டாரின் பேச்சைத்தான். அடுத்த முறை ஒரு குழந்தையின் நிறத்தைப் பற்றிப் பேச வாயெடுக்கும்போது, அந்த நான்கு பொம்மைகளைச் சற்று நினைத்துக்கொள்ளுங்கள்.