கைகூடாத இணைப்பின் வண்ணங்கள்

மாதிரிப் புகையிரதம் அமைப்போரிடையே, வரலாற்றில் என்றும் ஓடாத இயந்திரங்களை ஆக்கி, 'இவ்வாறு நிகழ்ந்திருந்தால்' என்ற எண்ணத்துடன் வண்ணந் தீட்டும் மரபொன்று உண்டு. இதனை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. கற்பனையும் ஒரு கருத்துநிலையினுள்ளேயே இயங்குகிறது.

1983இல் அமெரிக்காவின் சாண்டா ஃபே, சதர்ன் பசிபிக் ஆகிய புகையிரதக் கம்பனிகளின் தாய் நிறுவனங்கள் ஒன்றிணைந்தன. புகையிரதங்களையும் இணைப்பதற்கு மாநிலங்களிடை வணிக ஆணைக்குழுவின் அனுமதி கிடைக்குமுன்னரே, முந்நூறுக்கு மேற்பட்ட இயந்திரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக வண்ணம் பூசப்பெற்றன. அவற்றின் பக்கங்களில் 'எஸ்.பி.' அல்லது 'எஸ்.எஃப்.' என இரண்டெழுத்துகள். எஞ்சிய இரண்டுக்கும் வெற்றிடம். 1986இல், போட்டி குன்றுமெனக் கூறி ஆணைக்குழு இணைப்பை மறுத்தது. அவ்வெற்றிடத்தையே மாதிரி அமைப்போர் நிரப்புகின்றனர். நான்கெழுத்தையும் பொறித்து, மூலதனம் முடியாது விட்ட கனவை அதற்காகத் தாமே முடித்து வைக்கின்றனர். (மூலதனம் ஓய்ந்திருக்கவில்லை என்பது வேறு கதை. சாண்டா ஃபே 1995இலும் சதர்ன் பசிபிக் 1996இலும் வேறு பெருங்கம்பனிகளுடன் இணைந்தன.)

ஆயின் அந்நாட்டிற் கைகூடாத புகையிரத வரலாறு இதுவொன்றே அன்று. 1917 இறுதியிலிருந்து 1920 வரை புகையிரதங்களை அரசே நடத்தியது. அவற்றை நிரந்தரமாக அரசுடைமையாக்கி, நிருவாகத்தில் தொழிலாளர்க்கும் பங்களிக்கக் கோரிய பிளம்ப் திட்டத்தைத் தொழிற்சங்கங்கள் 1919இல் ஆதரித்து நின்றன, அது தோற்றது. வென்றிருப்பின் அதன் இயந்திரங்கள் எந்நிறம் பூண்டிருக்கும்? உருவத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. அரச நிருவாகம் அக்காலத்தில் வகுத்த பொதுநிலை இயந்திரங்களின் மாதிரிகளைக் கம்பனிகள் பல வெளியிட்டுள்ளன.