ஜன்னலோரம் ஒரு சீட்!

பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குக் கர்ச்சீப் போடுகிற ஆசாமிகள் நாம். வீட்டிலேயே ஒன்று வேண்டும் என்று ஆசாரியிடம் கேட்டேன்.

"சுவரே 9 இஞ்சு சார்... ஒண்ணரை அடி இல்லாம எப்படி உக்காருவீங்க?"

நியாயம்தான். 13-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஸ்டோக்ஸே மாதிரிக் கோட்டைகளில் சுவர் அத்தனை கனம். ஜன்னலுக்காகக் குடைந்த இடத்திலேயே கல் பெஞ்சு வைத்தார்கள். சொகுசுக்காக மட்டுமா? தைக்க, படிக்க நல்ல வெளிச்சம் அங்கேதான்! 18-ம் நூற்றாண்டு வீடுகளில் கல் போய் மரப்பலகை வந்தது. பிற்பாடு பலகையே மூடியாகி, அடியில் சாமான் பெட்டி.

எனக்கும் வெளிச்சம்தான் பிரச்னை. கண் மங்கிய அப்பா, ஜன்னலோரம் நின்றபடியே பேப்பர் படிப்பார். அறைக்குள் நீட்டி, 18 இஞ்சு உயரத்தில் பெட்டி அடித்தாயிற்று.

இப்போது எனக்குப் பேப்பர் கிடைப்பதில்லை!