கடலில் கூண்டு போட யாரிடம் அனுமதி கேட்பது?

நிலத்தில் பண்ணை வைத்தால் பட்டா உண்டு, வேலி உண்டு. கடலில் மீன் கூண்டு போட்டால்?

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் 2010-ல் கோபியா எனும் கடல் விராலைச் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்தது. அந்தக் குஞ்சுகளை மிதவைக் கூண்டுகளில் வளர்க்கும் தொழிலும் அந்தப் பகுதியில் தொடங்கியது.

கரையிலிருந்து 12 கடல் மைல் வரை மீன்பிடிப்பு மாநில அரசின் பொறுப்பு. அதைத் தாண்டினால் மத்திய அரசு.

பண்ணைகளுக்கான சட்டத்துக்கு வித்திட்டதே நம்மூர் வழக்குதான். இறால் பண்ணைகளால் நிலமும் குடிநீரும் உப்பாவதை எதிர்த்து காந்தியவாதி ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். 1996-ல் தீர்ப்பு வந்தது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. 2023-ல் அதைத் திருத்தி, கடல் கூண்டு, கடல்பாசி வளர்ப்பையும் சேர்த்தார்கள். விதிமீறலுக்கு இருந்த சிறைத் தண்டனை போய், அபராதம் வந்தது.

நார்வே தன் கடற்கரையை 13 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. பண்ணைகளில் பெருகும் பேன் காட்டு சால்மன் மீனைப் பாதித்தால் அந்த மண்டலத்துக்குச் சிவப்பு விளக்கு. உற்பத்தியைக் குறைக்க வேண்டும்.

மண்டபத்துக்கு அருகிலேயே 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கொண்ட மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா. அதே கடலை நம்பித்தான் நாட்டுப்படகு மீனவர்களும் இருக்கிறார்கள். கூண்டு மிதக்கும் இடத்தில் வலை விரிக்க முடியாது. அதனால் கூண்டுக்கு இடம் குறிக்கும் முன்பு, வலை எங்கே விழுகிறது என்று அவர்களைக் கேட்பதுதான் முதல் விதியாக இருக்க வேண்டும்.