செம்பாட்டு மண்ணும் கிணற்று நீரும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மேகத்தைத் தடுத்து மழை தரும் மலையும் இல்லை. அவ்வாறிருந்தும் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் மரவள்ளியும் வாழையும் செழித்து வளரும் நிலமாக இது நெடுங்காலமாகப் பெயர் பெற்று விளங்குகின்றது. இச்செழிப்புக்குக் காரணம் யாது என வினவின், கமக்காரரின் உழைப்பு என்பதே யாவரும் கூறும் விடையாகும். அது முற்றிலும் உண்மையே. ஆயினும் அவ்வுழைப்பை ஏற்றுப் பலனாக மாற்றித் தருபவை இரண்டு உள. ஒன்று, காலின் கீழுள்ள செம்பாட்டு மண். மற்றையது, அம்மண்ணின் கீழுள்ள நன்னீர். மண் தோட்டத்துக்கு உரியது, நீர் கிணற்றுக்கு உரியது என இவற்றை வெவ்வேறாகவே நாம் எண்ணி வருகின்றோம். மண்ணியல் ஆராய்ச்சியோ இவை பிரிக்க முடியாதவாறு பிணைந்தவை எனக் காட்டுகின்றது. தோட்டத்தில் இடும் பசளைக்கும், வீட்டில் பருகும் ஒரு குவளை நீருக்கும் உள்ள தொடர்பை இங்கு சிறிது விரிவாக நோக்குவோம்.

செம்மை வந்த வகை

குடாநாட்டின் அடித்தளம் சுண்ணாம்புக்கல் ஆகும். மயோசீன் என வழங்கும் காலத்தில், அஃதாவது ஏறக்குறைய 2 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் 50 இலட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட பெருங்காலத்தில், கடலடியில் படிந்த படிவுகளே இன்று பாறையாக நிற்கின்றன. கோப்பாய், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், குப்பிழான் முதலிய ஊர்களில் அப்பாறையின் மேல் செந்நிற மண் போர்வை போலக் கிடக்கின்றது. கரையக்கூடியவற்றை மழைநீர் காலந்தோறும் கரைத்துச் செல்ல, கரையாத இரும்பொட்சைட்டு மண்ணில் எஞ்சி நின்றமையே அதன் செந்நிறத்துக்குக் காரணம்.

1961 ஆம் ஆண்டில் மூர்மன், பானபொக்கே என்னும் மண்ணியல் அறிஞர் இருவர் இந்நாட்டு மண் வகைகளைப் புதியதோர் முறையில் வகுத்து வெளியிட்டனர். அவ்வழி வந்த வகுப்பு முறையில் நமது செம்பாட்டு மண் இலற்றசோல் என்னும் இனத்தில் சேர்க்கப்படுகின்றது. வெப்பநாடுகளில் நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் பக்குவப்பட்டு, இரும்பு மிகுந்து நிற்கும் மண்ணுக்கே இப்பெயர் வழங்கும்.

இம்மண்ணின் குணங்கள் இரண்டை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, இது நீரை விரைவாக உட்கொள்ளும். பெருமழை பெய்து ஓய்ந்த சிறிது நேரத்தில் தோட்டத்தில் நின்ற வெள்ளம் மறைந்துவிடுவதைக் குடாநாட்டில் வாழ்வோர் அறிவர். இரண்டாவது, பயிருணவைப் பற்றி வைத்துக்கொள்ளும் ஆற்றல் இதற்குக் குறைவு. குளிர் நாடுகளிலே விழுந்த இலை மக்கி மறையப் பல காலம் செல்லும். நம் நாட்டு வெப்பத்திலோ நுண்ணுயிர்கள் அதனை விரைந்து தின்று தீர்த்துவிடுகின்றன. ஆதலால் பயிருணவைத் தாங்கி நிற்கும் மக்கு இங்கு தானாகச் சேர்ந்து பெருகுவதில்லை. ஆண்டுதோறும் நாமே இட்டு நிரப்புதல் வேண்டும்.

இவ்வுண்மையை நம் முன்னோர் நூல் வாயிலாக அறிந்தவரல்லர். நிலத்தின் வாயிலாக அறிந்தனர். பூவரசங் குழையைத் தாழ்த்தனர்; பனையோலையை வெட்டிப் புதைத்தனர்; அறுவடை முடிந்த நிலத்திலே ஆடு மாடுகளைப் பட்டி அடைத்தனர்; சணல் விதைத்துப் பூக்கும் பருவத்தில் உழுது மடக்கினர். செம்பாட்டு மண்ணின் வளம் இயற்கை அளித்த கொடை என்பதிலும் பார்க்க, தலைமுறை தலைமுறையாகக் கைகளால் ஊட்டப்பட்ட வளம் என்பதே பொருந்தும்.

கண்ணாடிக் குழாயில் ஒரு குடாநாடு

நிலத்தில் இட்ட எரு பின்பு யாதாகின்றது? இவ்வினாவுக்குத் தெளிவான விடை 1877 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டிற் கிடைத்தது. சுலோசிங், மியூன்சு என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்றில் மணலையும் சுண்ணாம்புக்கல்லையும் கலந்து நிரப்பி, அதன் மேல் நாள்தோறும் சாக்கடை நீரைச் சிறிது சிறிதாக ஊற்றி வந்தனர். ஏறக்குறைய இருபது நாள்கள் வரை, மேலே சென்ற அமோனியா அவ்வாறே கீழே வந்தது. அதன் பின்னர் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அமோனியா குறைந்து, நைத்திரேற்று என்னும் உப்பு வெளிவரத் தொடங்கியது. குழாயினுள் குளோரபோம் ஆவியைச் செலுத்தியதும் அம்மாற்றம் நின்றது. எனவே இது வெறும் இரசாயன மாற்றமன்று, உயிர்களின் தொழில் என அவர்கள் துணிந்தனர். சில ஆண்டுகளின் பின், 1890 ஆம் ஆண்டளவில், உருசிய அறிஞர் வினோகிராத்சுகி அவ்வுயிர்களாகிய பற்றீரியாக்களையே தனியே பிரித்தெடுத்துக் காட்டினார்.

அக்குழாயை நினைத்துப் பார்ப்போம். மேலே கழிவு, இடையே மணலும் சுண்ணாம்புக்கல்லும், கீழே வடியும் நீர். இது சிறு வடிவிலமைந்த யாழ்ப்பாணக் குடாநாடன்றோ! எருவாயினும், குழையாயினும், யூரியாவாயினும் அதிலுள்ள நைதரசன் ஈற்றில் பெரும்பாலும் நைத்திரேற்றாகவே மாறுகின்றது. பயிரின் வேர் விரும்பி உண்பதும் அதனையே. ஆனால் நைத்திரேற்று நீரில் எளிதிற் கரைவது. களிமண் துணிக்கைகள் அதனைப் பற்றி நிறுத்துவதுமில்லை. வேர் உண்டது போக மிஞ்சியது நீரோடு சேர்ந்து கீழே இறங்கும். சுண்ணாம்புக்கல்லில் உள்ள வெடிப்புகளும் குகைகளும் அதற்கு வழிவிடும். சென்று சேருமிடம் நமது கிணறே.

துலா போய் இயந்திரம் வந்தது

துலா மிதித்து, பட்டையால் இறைத்த காலத்தில் நீரின் அளவை மனிதரின் உடல் வலிமையே வரையறுத்தது. எருவின் அளவை வண்டியும் கால்நடையும் வரையறுத்தன. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து நீரிறைக்கும் இயந்திரங்களும் இரசாயனப் பசளைகளும் பரவின. விளைச்சல் பெருகியது, பல குடும்பங்கள் தலைநிமிர்ந்தன, பிள்ளைகள் கல்வி கற்றனர். அந்நன்மையை நாம் குறைத்துக் கூற விரும்பவில்லை. ஆனால் பழைய வரையறைகள் இரண்டும் ஒருங்கே நீங்கின. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் உண்டு. ஒரு கைப்பிடி யூரியா ஒரு கடகம் எருவின் வேலையைச் செய்யக் கண்டவர், இன்னும் ஒரு கைப்பிடி இட்டால் என்ன என எண்ணியது இயல்பே. அதற்கு மேல் நிறைய நீரும் பாய்ச்சப்பட்டது. மிஞ்சிய பசளையைக் கிணற்றுக்கு அனுப்ப இதனினும் எளிய வழி வேண்டுவதில்லை.

1980களில் குடாநாட்டுக் கிணற்று நீரை ஆராய்ந்தோர், தோட்டச் செய்கை மிகுந்த இடங்களில் பல கிணறுகளில் நைத்திரேற்று ஏற்ற அளவுக்கு மேற்பட்டிருக்கக் கண்டனர். பின்வந்த ஆய்வுகளும் அதனையே உறுதி செய்தன. பசளை மாத்திரம் இதற்குக் காரணமன்று. நெருக்கமாக வீடுகள் அமைந்த இடங்களில் மலகூடக் குழிகளிலிருந்து கசிவதும் இதே வழியாகவே கிணற்றை அடைகின்றது.

கைக்குழந்தைக்கு வரும் கேடு

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. தெளிந்த நீரிலும் அது மறைந்திருக்கும். 1945 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் கொம்லி என்னும் மருத்துவர், கமக்காரர் வீடுகளில் உடல் நீலம் பாரித்த கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். கிணற்று நீரில் கரைத்த பால் அவர்களுக்கு ஊட்டப்பட்டது. அந்நீரில் நைத்திரேற்று மிகுந்திருந்தது. குழந்தையின் வயிற்றில் அது வேறொரு பொருளாக மாறிக் குருதியிற் கலந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுத்துவிடுகின்றது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கே இவ்வாபத்து அதிகம். ஒரு இலீற்றர் குடிநீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தலாகாது என உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது.

தாய்மார் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், நைத்திரேற்று அழியாது. நீர் ஆவியாகிச் சுண்டுவதால் அதன் செறிவு கூடவே செய்யும். ஆகவே தோட்டத்தை அடுத்துள்ள கிணற்று நீரைப் பரிசோதித்து அறியாமல் குழந்தையின் பாலிற் கலத்தல் தகாது. தாய்ப்பாலே இவ்விடயத்திலும் தலைசிறந்த பாதுகாப்பாகும்.

ஒழித்தலா, அளத்தலா?

இவ்வாறாயின் இரசாயனப் பசளையை அறவே ஒழித்துவிடலாமே எனச் சிலர் கூறுவர். 2021 மே மாதத்தில் இந்நாட்டு அரசாங்கம் அதன் இறக்குமதியைத் தடை செய்தது. ஆயத்தமின்றி வந்த தடையால் கமக்காரர் திகைத்தனர். அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும், அடுத்து வந்த பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. மிகுதியால் வந்த கேட்டை இன்மையால் தீர்க்க முடியாது என்பதை அவ்வாண்டு நமக்குக் கற்பித்தது. அன்றியும், பிரெஞ்சு அறிஞரின் குழாயிற் சென்றது யூரியாவன்று, சாக்கடை நீர் என்பதை மறத்தலாகாது. எருவாயினும் அளவு கடந்தால் அதுவும் கிணற்றுக்கே செல்லும்.

வேண்டுவது அளவும் காலமும் அறிந்த செய்கை. முழுப் பசளையையும் ஒரே முறையில் இடாது, பயிரின் பருவத்துக்கேற்பப் பகுத்து இடுதல் வேண்டும். கார்த்திகை மாரி கொட்டும் நாள்களில் இடுவது, கிணற்றிற் கொட்டுவதற்கு ஒப்பாகும். பாத்தி நிரம்பி வழிய இறைக்காது, வேர் நனையும் அளவுக்கு இறைத்தல் வேண்டும். மண்ணைப் பரிசோதித்து, அதற்கு வேண்டியது யாது என அறிந்து இடுதல் நன்று. குழையும் கூட்டெருவும் மண்ணில் மக்கைப் பெருக்கி, நீரையும் உணவையும் சற்று நேரம் நிறுத்தி வைக்க உதவும். ஆகவே பழைய வழக்கமும் புதிய அறிவும் இங்கு பகைவரல்ல.

மழை பெய்து மண்ணுள் இறங்கி, கடலின் உவர்நீர் மேல் மிதந்து நிற்கும் நன்னீரே குடாநாட்டின் முதல். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருத்தல் இதற்குச் சான்று. அம்முதலுக்கு ஈடாக வைக்கத்தக்க வேறொன்று நம்மிடம் இல்லை. பசளைப் பையை அவிழ்க்கும் ஒவ்வொரு கமக்காரரும், தாம் நிலத்துக்கு மாத்திரமன்றித் தம் அயலவரின் குடத்துக்கும் அளந்து இடுகின்றார் என்பதை நினைவிற் கொள்வாராயின், செம்பாட்டு மண்ணும் செழிக்கும். நம் பிள்ளைகள் பருகும் நீரும் தூயதாக நிலைக்கும்.